தாண்டக் கூடாத நர்மதை

நர்மதா பரிக்ரமா என்றால் நர்மதை ஆற்றையே நடந்து வலம் வருவது. அதில் ஆறு எப்போதும் நம் வலக்கைப் பக்கம்தான் இருக்க வேண்டும். அமர்கண்டக்கில் பிறந்து கடலில் சேரும்வரை நர்மதையின் நீளம் 1312 கி.மீ. இரு கரையையும் நடந்து முடிக்க 2600 கி.மீ.க்கு மேல் ஆகும். மரபுப்படி என்றால் 3 வருடம், 3 மாதம், 13 நாள். பள்ளிக்கூடம் போகும் பெண்ணையும் அறுபதைத் தாண்டிய மாமியாரையும் வைத்துக்கொண்டு அது ஆகிற காரியமா? விட்ட இடத்திலிருந்து அப்புறம் தொடரலாம் என்கிற கண்ட பரிக்ரமா எங்களைப் போன்றவர்களுக்குத்தான். அரையாண்டு விடுமுறையில் ஓங்காரேஸ்வரிலிருந்து நாவ்டாதோலி வரை தென்கரையில் நடந்தோம்.

ஓங்காரேஸ்வரர் இருப்பது ஆற்று நடுவே உள்ள மாந்தாதா தீவில். அங்கே நர்மதையோடு சேரும் சின்ன ஆற்றின் பெயர் காவேரி! ஸ்ரீரங்கத்துக்காரியான அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா, இங்கேயும் நம்ம ஆளுதான்" என்றார். முதல் நாளே பாலம் வழியாகப் போய்த் தரிசனத்தை முடித்துக்கொண்டோம். சங்கல்பம் செய்துவிட்டால் பரிக்ரமா முடியும்வரை நர்மதையைத் தாண்டக் கூடாது. துணையாறுகளைக் கடக்கலாம். மறுநாள் தென்கரையில் மமலேஸ்வரரை வணங்கி, ஒரு சின்ன பாட்டிலில் நர்மதை நீரை நிரப்பிக்கொண்டோம். பயணம் முடியும்வரை அதுதான் நம்மோடு வரும் அம்மன். தினமும் காலையிலும் மாலையிலும் ஆரத்தி அதற்குத்தான். ஆற்றில் சோப்புப் போட்டுக் குளிக்கக் கூடாது என்பதும் விதி. எல்லா நதிக்கும் இந்த விதி இருந்தால் தேவலை.

வழியெல்லாம் பருத்தி, மிளகாய், கோதுமை வயல்கள். எதிரே யார் வந்தாலும் "நர்மதே ஹர்" என்கிறார்கள், நாமும் அதையே திருப்பிச் சொல்கிறோம். முதல் நாள் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்புறம் அதைச் சொல்லாமல் யாரையும் கடக்க முடியவில்லை. டீக்குக் காசு கொடுத்தால் வாங்க மறுத்தார்கள். ஆசிரமங்களில் கிச்சடியோ ரொட்டியும் பருப்புமோ கிடைக்கும். சில இடங்களில் மாவு, பருப்பு, அரிசியைக் கையில் கொடுத்து நம்மையே சமைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதற்கு சதாவ்ரத் என்று பெயர். விறகடுப்பில் அத்தை வைத்த ரசத்துக்கு மராட்டிய யாத்ரீகர்கள் வரிசையில் நின்றார்கள்.

என் பெண்தான் திணறிப் போனாள். அங்கே நர்மதையைக் கன்னித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள், சிறுமிகளை அவளுடைய உருவமாகவே பார்க்கிறார்கள். ஒரு கிராமத்தில் என்னைவிட மூத்த பெண்மணி குனிந்து இவள் காலைத் தொட்டு, கையில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்தார். இவள் பயந்துபோய் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வீட்டில் தட்டைக் கழுவச் சொன்னாலே முகத்தைத் தூக்கிக்கொள்கிற பெண், அன்று மாலை யாரும் சொல்லாமல் பாட்டிக்குக் கால் பிடித்துவிட்டாள். என்ன நினைத்தாளோ, நான் கேட்கவில்லை.

பகாவா கிராமத்தில் வீட்டுக்கு வீடு நர்மதைக் கல்லைக் கடைந்து லிங்கம் செய்கிறார்கள். பாணலிங்கம் எனப்படும் இந்த நர்மதைக் கல் லிங்கத்துக்கு, தெய்வ சக்தியை ஏற்றும் பிராணப் பிரதிஷ்டைச் சடங்கு தனியாக வேண்டாம் என்பது ஐதீகம். பையில் இடமில்லை என்று சொல்லிப் பார்த்தோம். அத்தை தன் கம்பளியை அங்கேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டு லிங்கத்துக்கு இடம் பண்ணினார்.

நாவ்டாதோலிக்கு நேர் எதிரே மகேஷ்வர். அகல்யாபாய் ஹோல்கரின் கோட்டையும் படித்துறைகளும் வெயிலில் மின்னின. காசி விசுவநாதர் கோயிலை 1780-இல் எடுத்துக் கட்டிய அரசி அவர். அக்கரையில் மகேஷ்வரி சேலைத் தறிகள், இக்கரையில் படகு தயார். சேலை என்றால் அத்தை விடமாட்டார் என்று நினைத்தோம்.

"இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்றவர், உடனே என் கணவரிடம் திரும்பினார். "ஏண்டா, நம்ம ரயில் இந்த ஆத்தைத் தாண்டுமா?"

அவர் மொபைலில் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். நாங்கள் ரயில் ஏற வேண்டிய கண்ட்வா தென்பக்கம்தான். அங்கிருந்து இடார்சி, நாக்பூர் வழியாக வந்தாலும் சென்னை வரை நர்மதை குறுக்கே வரவில்லை. சரி, அடுத்த முறை இங்கிருந்து பட்வானி வரை நடக்கலாம் என்று முடிவு செய்துகொண்டு கண்ட்வா போகிற பஸ்ஸை விசாரித்தோம்.