ரெண்டு கிலோ

தாளில் "ஆறு வாரம்" என்றுதான் இருந்தது. "எப்பவுமே" என்ற வார்த்தை நான் சேர்த்தது.

இதை இவ்வளவு நேராக நான் யாரிடமும் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குக் கட்டுப் பிரித்திருக்கிறேன், எத்தனையோ பேரிடம் எதையெதையோ சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தை மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

2013, மே மாதம். அந்த அக்காவுக்குப் புற்றுநோய்க்காக வலது மார்பை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஈப்போவில் ஆபரேஷன். கட்டு மாற்றுவதற்கு நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்குக்கு வருவார். செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குவது, உரம் போடுவது என்று இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். கணவர் குலை வெட்டுகிறவர். அன்றைக்கு அரை நாள் வேலையை விட்டுவிட்டு அவரே மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்திருந்தார்.

கட்டைப் பிரித்தேன். காயம் நன்றாக ஆறியிருந்தது. விலாவின் மேல் தோல் படிந்து, நெஞ்சின் நடுவிலிருந்து அக்குள் வரை ஒரே கோடு. கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். பாதிகூட ஏறவில்லை. அக்குளிலிருந்து முழங்கை பக்கமாகத் தோலுக்கு அடியில் தூண்டில் நூலை இழுத்துக் கட்டியதுபோல ஒன்று விறைத்து நின்றது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அப்படி வரும், பழகப் பழக இளகிவிடும். சுவர் ஓரமாக நிற்க வைத்து, விரல்களை எறும்பு ஊர்வதுபோல மேலே ஏற்றக் காட்டிக்கொடுத்தேன். எட்டின இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், அடுத்த வாரம் அதைத் தாண்ட வேண்டும் என்றேன். அதுவரை எல்லாம் சரி.

கணவர் கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் இருந்தது. மலாயில் எழுதியது. ஒரு வரியில் விரலை வைத்துக் கேட்டார்.

"மிஸ்ஸி, ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. அதுக்கப்புறம் தூக்கலாமா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாம்ண்ணே. அந்தக் கையில ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கவே கூடாது. இனிமே எப்பவுமே."

அவர் தலையாட்டினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நான் அட்டையில் எழுதி முடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் காரணங்கள் உண்டு. பொய்க் காரணங்கள் இல்லை. என் சின்னம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தொண்ணூறுகளில் அவருக்கு இதே ஆபரேஷன். மூன்றாம் மாதமே பால் வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். அடுத்த வருஷம் கை வீங்கத் தொடங்கியது. வளையலைச் சோப்பு போட்டும் கழற்ற முடியாமல் கட்டிங் பிளேயரை வைத்து வெட்டினோம். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். சதை பிதுங்கி வளையலை மூடியிருந்தது. சின்னக் கீறல் பட்டாலும் கை முழுக்கச் சிவந்து காய்ச்சல் வரும். அந்த வீக்கம் அவர் கண்ணை மூடும்வரை இறங்கவில்லை.

அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால் கையில் ஊறும் நீர் வடிவதற்கு வழி குறைந்துவிடும். தோட்டத்தில் கானை மூடிவிட்டால் மழைத் தண்ணீர் மரத்தடியிலேயே தேங்குவது மாதிரி. அக்குளை முழுசாகச் சுத்தம் செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. அக்காவுக்கும் முழுசாகத்தான் எடுத்திருந்தார்கள். எனக்கு அந்த ஐந்தில் ஒன்று தெரியும். அதன் கையை நான் பிடித்திருக்கிறேன். மற்ற நாலு பேர் அன்று என் நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவர் காண்ட்ராக்டில் வேலை செய்தவர். அந்த வருஷம் ஜனவரியில்தான் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று வந்திருந்தது. ஆனால் அவருக்குக் கூலி மூட்டைக் கணக்கில்தான். "கொஞ்சம் கொஞ்சமா தூக்கிப் பழகுங்க" என்று நான் சொல்லியிருந்தால் வேலை வாங்கும் மண்டோர் காதில் "தூக்கலாம்" என்று மட்டும்தான் விழுந்திருக்கும். மறுவாரமே உர வாளியோடு வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். பாதி அனுமதி என்று ஒன்று தோட்டத்தில் கிடையாது. முழுசாகக் கூடாது என்றால்தான் கேட்பார்கள். இன்றைக்கும் இதை நான் நம்புகிறேன்.

அப்புறம் அந்தப் பார்வை. "என்னை வேலைக்கு அனுப்பிடாதீங்க மிஸ்ஸி" என்று கெஞ்சுவதாகத்தான் அன்றைக்கு எனக்குப் பட்டது. அவருக்காகத்தான் பேசினேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அப்படித்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. ஆறு வாரம் எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டிருந்தவரின் பார்வையாகவும் அது இருக்கலாம். அவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்வியைக் கேட்டவர் கணவர், பதில் சொன்னவள் நான். கை மட்டும் அக்காவுடையது.

2014 நவம்பரில் அவர் மகளுக்குத் தலைப்பிள்ளை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் நாள் நான் வீட்டுக்குப் போனேன், பிள்ளையை எடை பார்க்க. பழைய லயத்து வீடு, பின்னால் சமையற்கட்டு. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து முடி நரைத்து வளர்ந்திருந்தது. கை வீங்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

பிள்ளையைத் துணியில் வைத்து, தராசில் தொங்கவிட்டேன். முள் ஆடி நின்றது. மூன்று கிலோ இருநூறு.

"எவ்வளவு மிஸ்ஸி?" என்றார் அக்கா. சொன்னேன்.

"பொறந்தப்பவே மூணுக்குக் கிட்ட" என்று சொல்லிவிட்டுக் கையை மடியில் கோத்துக்கொண்டார். பிள்ளையை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மகள் அவசரமாக வந்து, "அம்மா தூக்க மாட்டாங்க மிஸ்ஸி. ரெண்டு கிலோதானே. அப்பா விட மாட்டார்" என்றாள். குறை சொல்லும் குரலே இல்லை. மருந்து வேளை தவறாமல் கொடுக்கிறோம் என்பதுபோலச் சொன்னாள்.

எட்டு நாளாகப் பேரப்பிள்ளையை அந்தப் பாட்டி தூக்கவில்லை.

சமையற்கட்டு வாசலில் பென்சில் கோடுகளைப் பார்த்தேன். மூன்று. கடைசிக் கோடு அவர் காது உயரத்தில். அதற்கு மேல் வெறும் சுவர். கேட்டதற்கு, "கைக்கு வேல குடுக்கக் கூடாதுன்னுட்டாரு" என்றார். நான் பாரத்தைச் சொன்னேன். அவர்கள் அசைவையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள். தோள் இறுகிப்போயிருந்தது. தலை வாருவது மகள், ரவிக்கைக் கொக்கி மாட்டிவிடுவது மகள். தண்ணீர் பிடிப்பது, அரிசி களைவது, சட்டியை இறக்குவது எல்லாம் கணவர். இத்தனை செய்கிற மனிதரை எங்கள் பக்கம் நான் அதிகம் பார்த்ததில்லை. என் சொல்லை அவர் அன்போடு காப்பாற்றியிருக்கிறார். அவர் காட்டிய அன்பைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன தகுதி?

"துணி வச்சு மறைச்சா மார் இல்லாதது தெரியாது மிஸ்ஸி" என்றார் அக்கா. "சும்மா உக்காந்திருக்கிறது எல்லாருக்கும் தெரியுதே."

"உக்காந்து மடியில வச்சுக்கலாம்க்கா, இப்ப பரவாயில்ல" என்றேன். பிள்ளையை இடது பக்கம் சாய்த்து வைத்தேன். அவர் குனிந்து அதன் தலையை முகர்ந்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "ரொம்ப நன்றி மிஸ்ஸி."

அதுதான் என்னால் தாங்க முடியாதது. "இப்ப பரவாயில்ல" என்று நான் சொன்னது, கை குணமாகிவிட்டது, அதனால் விடுகிறேன் என்ற மாதிரி. நான் அன்றைக்குச் சேர்த்துச் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. நானே போட்ட பூட்டை நானே திறந்துவிட்டு நன்றியையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

2016-இல் ஒரு பயிற்சிக்குப் போனபோதுதான் மீதி தெரிந்தது. அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்பவரின் குழு, கை வீக்கம் உள்ள 141 பெண்களை ஒரு வருஷம் கவனித்திருக்கிறது. ஒரு பாதிப் பேர் வாரம் இரண்டு முறை எடை தூக்கினார்கள். இன்னொரு பாதி தூக்கவில்லை. தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடுதலாக ஏறவில்லை. திடீரென்று மோசமாவதும் அவர்களிடம்தான் குறைவு. அது அச்சில் வந்தது 2009-இல். அடுத்த வருஷமே, அக்காவைப் போல வீக்கமே வராதவர்களை வைத்துச் செய்த ஆய்வும் வந்துவிட்டது. அவர்களுக்கும் எடை தூக்கியதால் ஆபத்து கூடவில்லை. நான் அக்காவிடம் பேசியபோது இவை எழுதப்பட்டு மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தன.

ஆனால் அந்தப் பெண்கள் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்தில் நிற்க, மிகக் குறைந்த எடையில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏற்றினார்கள். வீக்கம் உள்ளவர்கள் கைக்கு இறுக்கமான உறை போட்டுக்கொண்டார்கள். வெயிலில், சேற்றில், பழ மூட்டையைத் தோளில் ஏற்றுவது அது இல்லை. அந்த அளவுக்கு நான் சொன்னது சரிதான். பிள்ளை விஷயத்தில் சரி இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு கோடு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வாரா வாரம் பத்து நிமிடம் அவரோடு நின்றிருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இல்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வரிசையில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தது உண்மை. வேண்டுமென்றிருந்தால் நேரம் கிடைத்திருக்கும் என்பதும் உண்மை.

அந்தப் பயிற்சியில் ஒரு கேள்வித்தாள் காட்டினார்கள். புற்றுநோய் வந்தவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஐரோப்பாவில் உண்டாக்கியது. பொதுவாக 30 கேள்வி, மார்புப் புற்றுநோய்க்குத் தனியாக 23. கை வீங்கியிருக்கிறதா, கையைத் தூக்கச் சிரமமா, துணியில்லாமல் தன் உடம்பைப் பார்க்கக் கஷ்டமா என்றெல்லாம் நல்ல கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் வேலையையோ அன்றாடக் காரியங்களையோ செய்வதில் தடை இருந்ததா என்றும் ஒன்று. நான் அக்காவாக இருந்து மனதுக்குள் பதில் எழுதிப் பார்த்தேன். மிக அதிகம். அந்தத் தடையை நோய் போட்டதா, மிஸ்ஸி போட்டதா என்று சொல்ல அதில் இடம் இல்லை. சேர்த்துத்தான் கணக்காகும்.

எல்லாமே என்னால் என்றும் சொல்லிவிட முடியாது. புற்றுநோய் திரும்பாமல் இருக்க அவர் தினமும் தமோக்ஸிஃபென் மாத்திரை சாப்பிட்டார். ராத்திரியில் உடம்பு எரிந்து வேர்த்து எழுந்து உட்காருவாராம். கீமோவின் அசதி ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. இனிப்புநீரும், அதாவது சர்க்கரை வியாதியும், வந்து சேர்ந்தது. அது உட்கார்ந்தே இருந்ததால் வந்ததா, அவர் அம்மாவுக்கும் இருந்ததால் வந்ததா, யார் பிரித்துச் சொல்வது?

இனிப்புநீர் மருந்துக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வருவார். ரத்த அழுத்தம் பார்க்கும்போது கேட்காமலே இடது கையை நீட்டுவார். பயிற்சி முடிந்து அவர் வந்த முதல் முறை சொன்னேன்: "அக்கா, இப்ப கொஞ்சம் கொஞ்சமா தூக்கிப் பழகலாம்னு புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க." புதுசா என்றேன். ஏழு வருஷப் பழசு. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நின்று என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "நீங்கதானே மிஸ்ஸி சொன்னீங்க. அத கேட்டதாலதான் கை நல்லா இருக்கு."

வற்புறுத்தவில்லை. ஃபிசியோவுக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தேன். இரண்டு முறை போனார் என்று கேள்விப்பட்டேன். கை நன்றாக இருப்பது என் பேச்சைக் கேட்டதால்தான் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் கலைத்தால் அத்தனை வருஷமும் வீண் என்று ஆகிவிடுமே என்று பயந்தேனா, என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேனா, எனக்கே பிடிபடவில்லை.

2018 தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அவரைப் பார்த்தேன். முன்பெல்லாம் வருஷா வருஷம் பால்குடம் எடுத்தவர். ஆபரேஷனுக்குப் பிறகு விட்டுவிட்டார். அந்த வருஷம் மறுபடியும் மஞ்சள் சேலையில் வரிசையில் வந்தார். நான் மோர்ப் பந்தலில் நின்றிருந்தேன். எல்லாப் பெண்களும் இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்திருந்தார்கள். அக்காவின் இடது கை மட்டும் மேலே இருந்தது. வலது கை இடுப்பில் சேலையைப் பற்றியிருந்தது.

தோள் அதற்கு மேல் ஏறவில்லையா, இல்லை என் பேச்சைத்தான் காப்பாற்றுகிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பித்தளைக் குடம், பாலோடு சேர்த்து எத்தனை கிலோ இருக்கும் என்று மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி கணவர் வந்துகொண்டிருந்தார். வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, குடத்தில் படாமல் அதன் அடியிலேயே வைத்துக்கொண்டு, கோயில் வாசல் வரைக்கும் அப்படியே நடந்தார்.