தோளில் இரண்டு கோடு

கல்யாண வரவேற்புகளில் விருந்தினர்களை உட்காரவைத்து வரைந்து கொடுப்பது என் தொழில். ஆளுக்கு ஐந்து நிமிடம். முகூர்த்த மாதங்களில் ஒரே மாலையில் இருபது முகம் வந்துவிடும்.

உட்கார்ந்ததும் எல்லோரும் போட்டோவுக்கு வைக்கும் முகத்தைத்தான் வைப்பார்கள். அந்தச் சிரிப்பை ஐந்து நிமிடம் பிடித்துவைக்க யாராலும் முடியாது. இரண்டாவது நிமிடத்தில் வாய் தளரும், பார்வை பந்திப் பக்கம் போகும். அதற்காகத்தான் காத்திருப்பேன். அதுவரை தலையின் சாய்வு, கழுத்து, தோள் என்று மெல்லிய கோடுகள் மட்டும். கண்ணையும் வாயையும் தொடமாட்டேன்.

போன தை மாதம் மயிலாப்பூரில் ஒரு மண்டபம். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மூக்கு, மீசை, கன்னத்து மடிப்பு எல்லாம் சரியாக வந்தன. பக்கத்தில் நின்ற அவர் மனைவிதான், "இவர் மாதிரி இருக்கு, ஆனா இவர் இல்லப்பா" என்றார்.

மறுபடி பார்த்தேன். அவருடைய இடது தோள் வலதைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. நான் இரண்டையும் சமமாகப் போட்டிருந்தேன். கண் பார்க்காமல் கை பழக்கத்தில் போட்ட கோடு.

"என்ன வேலை பார்த்தீங்க, ஐயா?"

"சிட்டி பஸ் கண்டக்டர். முப்பத்திரண்டு வருஷம். பை இந்தத் தோள்லதான்" என்று தட்டிக் காட்டினார்.

தோளை இறக்கி இன்னொரு கோடு போட்டேன், இந்த முறை அழுத்தமாக. அப்புறம்தான் தலை வலப்பக்கம் சாய்ந்து அதற்கு ஈடு கொடுப்பதும் கண்ணில் பட்டது.

பழைய கோட்டை அழிக்கவில்லை. நான் படித்தது பெரியமேட்டில் இருக்கும் கவின் கலைக் கல்லூரியில், 1850-ல் தொடங்கியது. எழும்பூர், சென்ட்ரல் இரண்டு ஸ்டேஷனும் அங்கிருந்து பக்கம். ரயிலுக்குக் காத்திருப்பவர்களை வரைந்துதான் கை பழகியது. ஆள் எப்போது எழுந்து போவார் என்று தெரியாது, ரப்பரைத் தேட நேரம் ஏது? தப்பான கோட்டின் மேலேயே சரியான கோடு விழும். அங்கே எனக்கு முன்னால் படித்த ஆதிமூலம், 1969 காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தபோதுதான், வெறும் கோடே ஒரு ஆளைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

பெரியவர் தாளை வாங்கிப் பார்த்தார். "தோள்ல கோடு ரெண்டா தெரியுதே?"

"மேல இருக்கிறது என் தப்பு, ஐயா. அழிச்சுத் தரட்டுமா?"

அந்த அம்மா மேல் கோட்டில் விரலை வைத்தார். "இருக்கட்டும்பா. எங்க கல்யாணத்தப்போ இப்படித்தான் இருந்துச்சு."