விருந்தாளிக்கு ஐந்து டாலர்

சான் அன்டோனியோவிலிருந்து நண்பன் குடும்பத்தோடு வந்தான். இரண்டு அலுமினியத் தட்டு நிறைய பிரியாணி, ஒரு தூக்குவாளியில் தயிர்ப் பச்சடி. நாங்கள் டிரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகிற சின்ன வீட்டை, நிறுத்தியிருந்தது டெக்ஸஸில் ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கம் ஒரு கேம்ப்கிரவுண்டில். இந்த மாதிரி வண்டிகளை வாடகைக்கு நிறுத்தித் தங்குகிற இடம் அது. அங்கே கேட்டிலேயே அவனை நிறுத்தி, விசிட்டர் ஃபீஸ் தலைக்கு ஐந்து டாலர் என்று நாலு பேருக்கு இருபது டாலர் வாங்கியிருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குள் கிளம்பிவிட வேண்டுமாம். கார் கண்ணாடியில் தொங்கவிட ஒரு மஞ்சள் அட்டை வேறு.

எனக்குப் பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை. நம்மிடம் சாப்பிட வந்தவன், அதுவும் சாப்பாட்டை அவனே தூக்கிக்கொண்டு வந்தவன், வாசலில் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறான். "டோல்கேட்னு நெனச்சுக்கோடா" என்று சிரித்தான். (இறங்கவில்லை என்றேனே, அப்புறம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அது வேறு விஷயம்.)

ஆஸ்டினுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுக்கப் பழகி, கழிவுத் தொட்டியைக் கையுறை போட்டுக் காலி செய்யவும் கற்றுக்கொண்டாயிற்று. முதலில் அதை நினைத்தாலே சோறு இறங்காது. இப்போது ஒரு கையால் வால்வைத் திறந்துகொண்டே ஊருக்கு போன் பேசுகிறேன். இனி முழு டெக்ஸஸ்காரன்தான் என்று நினைத்திருந்தேன். அந்த மஞ்சள் அட்டை ஒரே நிமிஷத்தில் என்னைத் தென்காசி அத்தை வீட்டு மொட்டை மாடியில் கொண்டுபோய்ப் போட்டது.

குற்றால சீசனில் அத்தை வீட்டுக்கு யார் வருகிறார்கள், எத்தனை பேர், எத்தனை நாள் என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. ஆனி பிறந்தால் திருநெல்வேலியிலிருந்து நாங்கள், மதுரையிலிருந்து பெரியப்பா குடும்பம், பெரியப்பாவோடு பெயர் தெரியாத இரண்டு ஆபீஸ் நண்பர்கள். இருப்பது ஒரு குளியலறைதான். ஆனால் ஐந்தருவி இருக்கும்போது வீட்டில் யார் குளிப்பார்கள்? ராத்திரி மாடியில் ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுத்தால், ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ சாரல் இறங்கும். பாதித் தூக்கத்தில் ஆளுக்கொரு தலையணையைக் கட்டிக்கொண்டு கீழே ஓடுவோம். அத்தை விளக்கைப் போட்டு, "இப்படி நடையில படுங்க, காலை மட்டும் மடக்கிக்கோங்க" என்பாள். மெம்பர்ஷிப் என்றால் அதுதான் மெம்பர்ஷிப்.

இங்கே கேம்ப்கிரவுண்டுகளில் ராத்திரிக்கு அறுபது எழுபது டாலர் கொடுத்துச் சில ராத்திரிகள் தங்கிய பிறகு, ஆபீஸில் ஒருவர் "ஏதாவது மெம்பர்ஷிப் எடுங்கள்" என்றார். ஏதோ ஒரு அட்டை இருக்கும், வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அது ஒரு காடு. 1962இல் மொன்டானாவில் ஆரம்பித்த கேஓஏ என்கிற கேம்ப்கிரவுண்ட் கம்பெனியின் அட்டைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. குட் சாம் என்கிற அட்டைக்கும் அதே பத்துதான். 'பாஸ்போர்ட் அமெரிக்கா' என்கிற அட்டைக்குப் பாதி விலை, ஆனால் ஒவ்வொரு இடமும் தன் விதியைத் தானே வைத்துக்கொள்ளலாம். வெள்ளி, சனி செல்லாது, விடுமுறை நாள் செல்லாது என்று பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். தவுசண்ட் டிரெயில்ஸ் என்கிற கம்பெனி வேறு மாதிரி. வருஷத்துக்கு ஒரு தொகை கட்டி மண்டலம் தேர்ந்தெடுத்தால், அவர்களுடைய கேம்ப்கிரவுண்டில் பதினாலு ராத்திரி உள்ளே, அப்புறம் ஏழு ராத்திரி வெளியே. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிற ஊரிலிருந்து வந்தவனுக்குப் பதினாலு தாராளம்தான். நாலு ராத்திரிக்குள் கிளம்பிவிட்டால் அந்த ஏழு நாள் இடைவெளி இல்லாமல் நேராக அவர்களுடைய அடுத்த இடத்துக்குப் போகலாம். பெரியப்பா வீட்டிலிருந்து சித்தப்பா வீட்டுக்குத் தாவுவது போல.

கணக்குப் போட்டது என் மனைவி. "என்னங்க, போன வருஷம் மொத்தம் இருபத்திரண்டு ராத்திரி. அதுல பதினாறு வெள்ளி சனி" என்றாள். அங்கேயே பாதி விலை அட்டை அடிபட்டுப் போயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வீட்டுக்குப் பதினாலு ராத்திரித் திட்டமும் வீண். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வண்டியிலேயே வாழ்கிறவர்களுக்கு அது. கடைசியில் டெக்ஸஸ் மாநிலப் பூங்காக்களுக்கான ஸ்டேட் பார்க் பாஸ் வாங்கினோம். எழுபது டாலர், ஒரு வருஷம், நம் வண்டியில் வருகிற அத்தனை பேருக்கும் நுழைவு இலவசம். தங்குவதற்குத் தனிக் காசுதான். ஆனாலும் அந்த 'அத்தனை பேருக்கும்' என்ற வரியை நான் இரண்டு தடவை படித்தேன். நண்பனை வழியிலேயே என் வண்டியில் ஏற்றிக்கொண்டால் போயிற்று.

அதோடு ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் என்கிற மெம்பர்ஷிப்பும் எடுத்தோம். பண்ணைகள், திராட்சைத் தோட்டங்கள் இதிலெல்லாம் ஒரு ராத்திரி நிறுத்திக்கொள்ளலாம். வாடகை கிடையாது, பெரும்பாலும் தண்ணீர், கரண்ட் இணைப்பும் கிடையாது. அதற்குப் பதில் அவர்களிடம் ஒரு முப்பது டாலருக்காவது ஏதாவது வாங்குங்கள் என்கிறார்கள். இதைப் படித்ததும் மனைவிக்கு ஒரே சிரிப்பு. "அட, வெறுங்கையோட போகாதேன்னு சொல்றாங்க, அவ்வளவுதானே!" அத்தை வீட்டுக்கு அரை கிலோ அல்வா இல்லாமல் போயிருக்கிறோமா?

முதலில் போனது ஓர் ஆட்டுப் பண்ணை. ரப்பர் பூட்ஸ் போட்ட பாட்டியம்மா ஒருவர் பெக்கான் மரத்தடியைக் கைகாட்டி, சீக்கிரம் இருட்டிவிடும், நிறுத்துங்கள் என்றார். தேனும் ஆட்டுப்பால் சோப்பும் வாங்கினோம். ஏசி ஓடாது, ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுத்தோம். கேம்ப்கிரவுண்டில் முப்பது ஆம்ப் இணைப்பு இருந்தபோதே ஏசி, மைக்ரோவேவோடு கிரைண்டரையும் சேர்த்துப் போட்டு பிரேக்கரை விழவைத்தவர்கள் நாங்கள், அதனால் மாவை வீட்டிலேயே அரைத்துக் கொண்டுவந்திருந்தோம். அது டெக்ஸஸ் வெயிலில் பொங்கி, டப்பாவைத் தள்ளிக்கொண்டு மேஜையில் வழிந்திருந்தது. விடிகாலையில் சேவல் கூவியது. எந்த ஊர் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. பாட்டியம்மா ஆறு முட்டை கொண்டுவந்து தந்தார், நாங்கள் இட்லி கொடுத்தோம். தேனைத் தொட்டுச் சாப்பிட்டார். சட்னியைத் தொடவில்லை.

அந்த உற்சாகத்தில் தென்காசிக்கு போன் போட்டேன். அத்தை போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். வீட்டில் இப்போது மகன் இருக்கிறான், என்னைவிட நாலு வயது இளையவன். வருகிற ஜூலையில் ஊருக்கு வருகிறோம், பிள்ளைகளை அருவிக்குக் கூட்டிப்போக வேண்டும், மாடியில் படுத்துக்கொள்கிறோம் என்றேன்.

"மாடியில ரெண்டு ரூம் போட்டாச்சு அத்தான். சீசனுக்கு நாள் வாடகைக்கு விடுதேன். தேதியை இப்பவே சொல்லிருங்க, சனி ஞாயிறு சீக்கிரம் புக் ஆயிரும்" என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அவனே, "உங்களுக்குன்னா பத்து பர்சென்ட் குறைச்சுக்கிடலாம்" என்று சிரித்தான்.

விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பான் என்கிறாள் மனைவி. தேதி இன்னும் சொல்லவில்லை.