ஒரே கம்பளியில் இரண்டு வேலை: ஸ்வெட்டரும் யானைமலையும்

இப்போதைய நிலவரம் இது. தம்பிக்குப் பின்னுகிற ஸ்வெட்டர் கழுத்துக்குக் கீழே தொடங்கி, அக்குளைத் தாண்டி, வயிறு வரைக்கும் இறங்கிவிட்டது. சட்டத்தறியில் ஓடுகிற டேப்பஸ்ட்ரியில், அதாவது சுவரில் மாட்டுகிற படநெசவில், மதுரைக்குப் பக்கத்து யானைமலையின் முதுகு முடிந்து, தலைப்பக்கம் செங்குத்தாக இறங்குகிற இடத்தில் நிற்கிறேன். இரண்டுக்கும் நூல் நானே நூற்றது. இரண்டும் ஒரே கம்பளி மூட்டையிலிருந்து வந்தவை.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ரெண்டையும் எப்படிங்க சேர்த்துச் செய்யுறீங்க, நேரம் எங்க இருக்கு?" நேரத்தைப் பங்கு போடுவதைவிட, கம்பளியைப் பங்கு போடுவதுதான் எனக்குக் கைகொடுக்கிறது. நூற்பதற்கு முன்னாலேயே எது உடம்புக்கு, எது சுவருக்கு என்று பிரித்துவிட்டால், அப்புறம் இரண்டு வேலையும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

மதுரை ஒத்தக்கடையில் குடியிருப்பவளுக்குக் கம்பளி எங்கிருந்து வரும்? நம் பக்கத்துச் செம்மறிகளான வேம்பூர், கீழக்கரிசல் எல்லாம் கறிக்கு வளர்க்கிற முடி ஆடுகள். அவற்றின் முடி நூற்க ஆகாது. ஆனால் கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்தியச் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் 1965-லிருந்து இருக்கிறது. அங்கே வளர்க்கிற பாரத் மெரினோ, ராஜஸ்தான் பக்கத்துச் சோக்ளா, நாலி ஆடுகளை ராம்புயே, மெரினோ கிடாக்களோடு சேர்த்து உருவாக்கிய இனம். மெல்லிய கம்பளி தரும். தம்பி கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறான். மேல்மலையில் ஆடு வளர்க்கிற ஒருவரிடம் சொல்லிவைத்து, கத்தரித்த கம்பளியைச் சாக்கில் போட்டு இறக்கிக் கொண்டுவருவான். மார்கழியில் அங்கே உறைபனி விழும். விடியற்காலை வண்டி எடுக்கிறவனுக்கு ஸ்வெட்டர் ஆசைக்குப் போடுகிற உடுப்பு இல்லை.

சாக்கைப் பிரித்து மொட்டைமாடியில் பழைய பாயில் விரித்தால், ஆட்டின் உடம்பு அப்படியே தெரியும். தோளும் விலாவும் மெல்லியது. கையில் பிடித்து அழுத்திவிட்டால் பழையபடி எழும்பும். இழையில் நெருக்கமாகச் சுருள் இருக்கும், அதுதான் காற்றைப் பிடித்து வைத்துக் குளிரைத் தடுப்பது. தொடைக்குப் போகப் போகச் சுருள் தளர்ந்து, இழை நீண்டு, தடித்து, கொஞ்சம் மினுமினுப்பாக மாறும். இதைக் கழுத்தோரம் வைத்துப் பார்த்தால் குத்தும். ஸ்வெட்டருக்கு அது வேண்டாம். ஆனால் டேப்பஸ்ட்ரிக்கு அதைவிட நல்ல இழை கிடையாது: உராய்ந்தாலும் பிசிறாது, தட்டி இறக்கினால் இறக்கிய இடத்தில் நிற்கும், சாயம் ஏறினால் பளிச்சென்று காட்டும். வயிற்றுப்பக்கம் சிறு இழையும் அழுக்கும்; அது ரோஜாத் தொட்டிக்கு அடியுரமாகப் போய்விடும். ஆக, பாயிலேயே மூன்று குவியல்.

கழுவுவது பூந்திக்கொட்டை ஊறவைத்த வெந்நீரில். எங்கள் போர் தண்ணீர் உப்பு. சோப்புப் போட்டால் திரிந்து வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். கம்பளிக்கொழுப்பு நல்ல சூட்டில்தான் இளகிக் கழன்று வரும். தண்ணீர் ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இளகிய கொழுப்பு திரும்பவும் இழையிலேயே படியும். கசக்கவும் கூடாது, சூட்டில் கசக்கினால் கம்பளி திரண்டு கெட்டியாகிவிடும். அமுக்கி அமுக்கி எடுப்பதோடு சரி. சித்திரை வெயிலில் அரை நாளில் காய்ந்துவிடும்.

இனி நூற்பது. நிஜமான பங்கீடு இங்கேதான் நடக்கிறது, ஏனென்றால் இரண்டு வேலைக்கும் நூல் வேறு வேறு குணத்தில் இருக்க வேண்டும்.

ஸ்வெட்டர் நூல் நெகிழ வேண்டும். மெல்லிய கம்பளியை, நாய்க்கு முடி வாருகிற கம்பி பிரஷ் இரண்டை வைத்துச் சீவி, உருட்டிப் பட்டையாக்கி, காற்று உள்ளே இருக்கும்படி முறுக்குக் குறைவாக நூற்கிறேன். கையால் சுழற்றி நூற்கிற என் தக்ளி, கடைசல்காரர் மரத்தில் செய்து தந்தது; பருத்திக்கான சின்ன உலோகத் தக்ளியைவிடக் கனமானது. ஒற்றை இழையாகவே பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து திருகும். அதனால் ஒரு பக்கமாக நூற்ற இரண்டு இழைகளை எதிர்ப்பக்கமாகச் சேர்த்து முறுக்க வேண்டும். இரண்டு முறுக்கும் சமமாக இருந்தால், வளையமாகச் சுற்றிய சிட்டத்தைத் தொங்கவிட்டுப் பார்க்கும்போது சுருண்டு கொள்ளாமல் நேராகத் தொங்கும். ஆண்கள் ஸ்வெட்டர் ஒன்றுக்கு இப்படி அறுநூறு கிராமுக்கு மேல், நீளத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் நூல் வேண்டும். இரண்டு புரி என்றால் ஒற்றை இழை அதைப்போல் இரண்டு மடங்கு. மாதக்கணக்கில் ஓடுகிற வேலை. அதற்குள் கை பழகப் பழக நூலின் பருமன் மாறிக்கொண்டே வரும். ஆரம்பத்தில் நூற்றதையும் பிறகு நூற்றதையும் ஜோடி சேர்த்துப் புரி முறுக்குகிறேன். பின்னும்போதும் இரண்டு கண்டுகளை வைத்துக்கொண்டு, இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை மாற்றி மாற்றிப் பின்னினால் உடம்பில் பட்டை பட்டையாகத் தெரியாது.

டேப்பஸ்ட்ரி நூல் நெகிழவே கூடாது. தொடைக் கம்பளியை இரும்புச் சீப்பால் வாரி, இழைகளை ஒரே வாக்கில் படியவைத்து, நல்ல முறுக்கேற்றி, ஒற்றை இழையாகவே விடுகிறேன். ஈரமாக இழுத்துக் கட்டிக் காயவைத்தால் முறுக்கு அடங்கும். பருமன் அங்கங்கே கூடிக் குறைந்தாலும் சரி. மலைப்பாறையை நெய்யும்போது அந்த ஏற்ற இறக்கம் பாறைக்கே உயிர் கொடுக்கிறது. ஒரு தக்ளி நூலை ஸ்வெட்டருக்கென்று நூற்று, அது கொஞ்சம் கடினமாக வந்தால், யோசிக்காமல் நெசவுக் கூடைக்கு மாற்றிவிடுவேன். எதிர்ப்பக்கம் மட்டும் போக்குவரத்து இல்லை.

நெசவைப் பற்றிக் கொஞ்சம். டேப்பஸ்ட்ரியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு நூல் வெளியே தெரியாது, குறுக்கே ஓடுகிற ஊடைதான் படம். சாதாரணச் சேலையில் ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடும். இதில் ஒவ்வொரு நிறமும் தன் எல்லைவரை போய்த் திரும்பிவிடும். தச்சர் செய்து கொடுத்த தேக்குச் சட்டத்தில் 18 அங்குல அகலம், அங்குலத்துக்கு 8 பாவு, மொத்தம் 144 இழை. பாவுக்குப் பருத்திதான், முறுக்கேறிய பல புரி நூல். செல்லூரில் பழைய நெசவாளர் ஒருவர் அதைக் கொடுத்தபோது, கூடவே சொல்லி அனுப்பினார்: "பாவ நல்லா விறைப்பாக் கட்டு தாயி. ஊடைய மட்டும் இழுக்காத. இழுத்தீன்னா கரை உள்ள வந்துரும்." அவர் தறியில் துணி அகலம் சுருங்காமல் பிடித்து நிறுத்த, நுனியில் முள் வைத்த குச்சி உண்டு. என் சட்டத்தில் அது கிடையாது. ஊடை நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஊடை ஒவ்வொரு பாவையும் மேலும் கீழுமாகச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால், நேர்கோட்டு நீளம் அதற்குப் பற்றாது. அதனால் நூலைச் சின்னச் சின்ன வளைவாக மேலே தூக்கி விட்டு, வளைவின் நடுவை முதலில் அமுக்கி, அப்புறம் முள்கரண்டியால் தட்டி இறக்குகிறேன். கரை இன்றுவரை 18 அங்குலத்தில் நிற்கிறது.

ஸ்வெட்டருக்குப் புரி முறுக்கிய நூல் இங்கே ஏன் ஆகாது என்பதும் இதில் தெரியும். அது இந்தப் பாவு நெருக்கத்துக்குத் தடிமன். தட்டினால் பாவை விலக்கிக்கொண்டு அகலத்தைக் கூட்டும். தொடைக் கம்பளியில் மெலிதாக நூற்ற ஒற்றை இழை இரண்டைச் சேர்த்து ஓட்டினால் இடத்தில் அமரும். அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது: இரண்டு இழையும் ஒரே நிறமாக இருக்க வேண்டியதில்லை. கரும்சாம்பலும் வெளிர்சாம்பலும் சேர்ந்தால் பாறை. வெளிர்சாம்பலும் சாயமிடாத வெள்ளையும் சேர்ந்தால் மதியம் பன்னிரண்டு மணி மதுரை வானம். எங்கள் ஊர் கோடை வானத்தில் நீலம் எங்கே இருக்கிறது?

சாம்பல் நிறம் கடுக்காயிலிருந்து. கடுக்காய்ச் சாற்றில் ஊறிய கம்பளியை, துருப்பிடித்த ஆணிகளும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரில் முக்கினால் சாம்பலிலிருந்து கரி நிறம் வரைக்கும் வரும். கீழே வயலுக்குத் துலுக்கச்சாமந்தி. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாடிப்போனது மலிவாகவே கிடைக்கும். படிகாரம் ஏற்றிய கம்பளியில் மஞ்சள். அதே மஞ்சளைக் கொஞ்சம் இரும்புத் தண்ணீரில் காட்டினால் முற்றிய நெற்பயிரின் மங்கிய பச்சை. சமையல் மஞ்சளைத் தொடுவதில்லை, வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளிறிவிடும். இரும்பு நாளடைவில் கம்பளியை நொறுங்க வைக்கும் என்பதால், அந்தச் சாயம் ஸ்வெட்டர் பக்கம் போகாது. சுவரில் சும்மா தொங்குவதற்குப் பாதகமில்லை. முழங்கையில் தினமும் மடங்குகிற துணிக்கு ஆகாது. ஸ்வெட்டர் ஆட்டின் வெள்ளையிலேயே இருக்கிறது.

யானைமலையை எங்கள் மாடியிலிருந்து தினமும் பார்க்கிறேன். நெசவுக்கு அதன் முதுகு வெகு சுலபம்: நீண்டு சாய்ந்த கோடு, ஒவ்வொரு வரிசைக்கும் நாலைந்து பாவு விட்டு விட்டுத் திரும்பினால் வழுவழுவென்று வந்துவிடும். தலையிலிருந்து தும்பிக்கைக்கு இறங்குகிற பக்கம் அப்படியில்லை. கோடு செங்குத்தாக ஆக ஆக, பாறையும் வானமும் அடுத்தடுத்த இரண்டு பாவில் திரும்பத் திரும்ப மடங்கி, நடுவில் கீறல் விழுகிறது. இரண்டு நிறமும் ஒரே பாவைப் பகிர்ந்து கொள்ளும்படி நெய்தால் கீறல் மூடும். ஆனால் விளிம்பு ரம்பப் பல்லாகத் தெரியும், தடித்தும் போகும். அந்தப் பாறைக்கு அப்படி ஒரு விளிம்பு பொருந்தாது. நான் நாலு வரிசைக்கு ஒரு பாவு என்று படிக்கட்டாக நகர்த்துகிறேன். மிகச் செங்குத்தான இடத்தில் மட்டும் கீறலை விட்டு, பின்பக்கம் மெல்லிய பருத்தி நூலால் தைக்கிறேன். மாலை வெயிலில் பார்த்தால் அந்தக் கீறல் ஒரு மெல்லிய நிழல்கோடு போட்டு, மலையை வானத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

நேரம் என்று பார்த்தால், பாதியை மதுரை வெயிலே முடிவு செய்துவிடுகிறது. வைகாசியில், பெரிதாக வளர்ந்துவிட்ட ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. வியர்வைக் கையில் நூல் ஒட்டும். சட்டத்தறி சுவரில் சாய்ந்து நிற்கும், உடம்பில் படாது. அதனால் கோடையில் நெசவு. ஐப்பசி மழையில் பகல் வெளிச்சம் மங்கி இரண்டு சாம்பலுக்கு வித்தியாசம் தெரியாமல் போகும்போது ஸ்வெட்டரை எடுப்பேன். வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் போவதற்குக் கண்கூட வேண்டாம். கரண்ட் போனாலும் ஓடும், பஸ்ஸிலும் ஓடும். தக்ளிக்கு எல்லா மாதமும் வேலை.

ஒரு நாளிலேயே இரண்டையும் தொடுவதென்றால் மட்டும் ஒரு கட்டுப்பாடு. முள்கரண்டியால் தட்டித் தட்டிக் கை இறுகியிருக்கும். அந்தக் கையோடு ஊசியை எடுத்தால் கண்ணியும் இறுகும். இது சின்ன விஷயமில்லை. இந்த ஸ்வெட்டரில் 10 செ.மீ.க்கு 19 கண்ணி, சுற்றளவு 204 கண்ணி. அப்படியானால் 107 செ.மீ. கை இறுகி அது 20 கண்ணி ஆனால் 102 செ.மீ. தம்பி மார்பளவும் கிட்டத்தட்ட அதுதான். உள்ளே சட்டை போட இடம் இருக்காது. அதனால் நெய்து முடித்ததும் கொஞ்ச நேரம் தக்ளி சுற்றுகிறேன். கம்பளியை இழுத்து விடுகிற வேலை விரல்களைத் தளர்த்திவிடும். அதற்கப்புறம் ஊசி.

இனி மிச்சம்: நெசவில் தும்பிக்கையும் மேலே வானமும். அறுத்து எடுத்ததும் அந்துப்பூச்சி வராமல் பின்பக்கம் வசம்புப் பொட்டலம் ஒன்று தைத்துவிட வேண்டும். ஸ்வெட்டரில் இடுப்பு, இரண்டு கை, கடைசியாகக் காலர். கைகளைச் சின்னத் துண்டாகத் தனியே பின்னலாம் என்பதால் கோடைக்குத் தள்ளியிருக்கிறேன். வெள்ளை நூல் கைகளோடு தீர்ந்துவிடும் போலத் தெரிகிறது. காலரைச் சாமந்தி மஞ்சளில் போடலாமா என்று தம்பியிடம் கேட்டேன். "எந்தக் கலரா இருந்தாலும் சரிக்கா, கழுத்துல குத்தாம இருந்தாப் போதும்" என்றான். தோள்பக்கக் கம்பளியில் இரண்டு கைப்பிடியை அதற்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். படிகாரம் மட்டும் போட்டுச் சாயமேற்ற வேண்டும், இரும்புத் தண்ணீர் இல்லாமல்.