கொடி இறங்கி ஏறிய மாலை

2016 டிசம்பர் 5, திங்கட்கிழமை. அப்போது நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர், எந்த நாளிதழ் என்பது இங்கே வேண்டாம். ஜெயலலிதா அப்போலோவில் சேர்ந்து 75 நாள் ஆகியிருந்தது. முந்தின நாள் மாலை அவருக்கு கார்டியாக் அரெஸ்ட் என்று மருத்துவமனை சொன்னதை நாங்கள் பலரும் 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டோம், அதுவே தப்பு, மாரடைப்பு வேறு, இதயம் துடிப்பதை நிறுத்துவது வேறு. அவசரத்தில் யார் அகராதியைப் புரட்டினார்கள்?

சாயங்காலம் ஐந்தரை வாக்கில் டெஸ்க்குக்கு மேலே மாட்டியிருந்த டிவிகளில் ஒன்றில் 'காலமானார்' என்று பிளாஷ் ஓடியது. அடுத்து பக்கத்து டிவியில். அப்புறம் அதற்கும் பக்கத்தில். ராயப்பேட்டை அதிமுக தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அப்போலோ மறுத்தது, சிகிச்சை தொடர்கிறது, உயிர்காக்கும் கருவிகளின் உதவியோடு இருக்கிறார் என்றது. இறக்கிய கொடி மறுபடி மேலே ஏறியது.

அன்றிலிருந்து அந்தக் கொடியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். டிவி சொன்னதை நம்பிக் கொடியை இறக்கினார்கள். கொடி இறங்கியதைப் பார்த்தவருக்கு டிவி சொன்னது உறுதியாகிவிட்டது, கட்சி ஆபீஸிலேயே இறக்கிவிட்டார்களே, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? ஆனால் எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் போனால் ஒன்றுமே இல்லை, ஒரே வதந்தி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நிற்கிறது.

வேகத்தைத் திட்டுவது சுலபம். எனக்கு வேகத்தின் மேல் கோபமில்லை. செய்தித் தொழிலில் வேகம் எப்போதும் இருந்ததுதான், பழைய காலத்தில் தந்தி அடிக்க ஓடியவனும் பக்கத்துப் பேப்பர்காரனுக்கு முன்னால் போகத்தான் ஓடினான். ஆனால் அவன் ஓடுவதற்கு முன்னால் யாரிடமாவது கேட்டிருப்பான். இப்போது 'கன்ஃபர்ம் ஆயிடுச்சா?' என்று டெஸ்க்கில் கேட்டால் 'எல்லாரும் போட்டுட்டாங்க சார்' என்று பதில் வருகிறது. கேட்ட கேள்விக்கு இது பதிலே இல்லை, ஆனால் பதில் மாதிரியே ஒலிக்கிறது. ஐந்து சேனல் போட்டால் ஐந்து ஆதாரம் என்று மனசு கணக்குப் போடுகிறது, ஐந்து பேரும் பார்த்தது ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி.

அப்படியென்றால் அதிகாரப்பூர்வமாக வரும்வரை காத்திருந்தால் போதுமா? அதுவும் இல்லை. 1979 மார்ச் 22 அன்று, பிரேக்கிங் நியூஸ் என்ற சொல்லே நம் ஊரில் இல்லாத காலத்தில், எமர்ஜென்சியை எதிர்த்து நின்ற தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் (ஜேபி) இறந்துவிட்டார் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தவர் சாட்சாத் பிரதமர் மொரார்ஜி தேசாய். இரங்கலெல்லாம் சொல்லி முடித்தார்கள். ஜேபியோ பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார், அந்த வருடம் அக்டோபர் 8 அன்றுதான் காலமானார். பிரதமரை விடப் பெரிய 'சோர்ஸ்' எங்கே போய்ப் பிடிப்பது?

அதனால் நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். யார் சொன்னது என்பதைச் செய்தியோடு சேர்த்துப் போடு. 'பிரதமர் கூறினார், மருத்துவமனை இன்னும் எதுவும் சொல்லவில்லை' என்று எழுத ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவுதான், வேகம் ஒன்றும் குறைந்துவிடாது. பிளாஷில் ஒற்றைச் சொல் 'காலமானார்' என்று நிற்கும்போது அந்த வரிக்குத்தான் இடமில்லாமல் போகிறது. தப்பானால் திருத்தம் போடவும் இடமில்லை, பிளாஷ் சத்தமில்லாமல் மறைந்துவிடும், பார்த்தவன் கண் கோளாறு என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று இரவு எங்களிடம் இரண்டு முதல் பக்கம் தயாராக இருந்தது. இரங்கல் பக்கம் பல வாரம் முன்னாலேயே முடிந்து கம்ப்யூட்டரில் தூங்கிக்கொண்டிருந்தது (எல்லாப் பத்திரிகையிலும் உண்டு, பாவம் என்று நினைக்காதீர்கள்). எங்கள் சீஃப், 'அப்போலோ அறிக்கை என் கையில வரட்டும்யா' என்று சொல்லிவிட்டு டீ மேல் டீயாகக் குடித்தார். நள்ளிரவு தாண்டி அறிக்கை வந்தது: இரவு 11.30க்கு மரணம். பிறகு 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட, அவர் மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணைய அறிக்கை, சாட்சியங்களின்படி மரணம் டிசம்பர் 4 பிற்பகலிலேயே என்று இன்னொரு நேரத்தைச் சொன்னது. நல்லவேளை, நாங்கள் 'அப்போலோ அறிவிப்பு' என்று சேர்த்துத்தான் எழுதியிருந்தோம்.

மறுநாள் டிவியில் வேலை பார்க்கும் நண்பன் போன் பண்ணினான். சாயங்காலம் போட்டதை வாபஸ் வாங்கியபோது முகம் செத்துப்போயிருந்தவன், இப்போது குரலில் ஒரு தெம்பு.

'பாத்தியாடா, நாங்கதான் ஃபர்ஸ்ட்டு.'