நைட்ரைட் குறிப்பேடு, தஞ்சாவூர்

ஜூலை 28
கேள்வி: குளுக்கோசமைன் என்னும் சர்க்கரை, இரத்தக் குழாய்ச் செல் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறதா? நைட்ரிக் ஆக்சைடு மீடியத்தில் நைட்ரைட்டாகும்; கிரீஸ் சோதனையில் நைட்ரைட் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆனால் குழாயின் உட்சுவரான எண்டோதீலிய செல்லில் அந்தச் சோதனை எடுபடாது. அந்தச் செல் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு சொற்பம். ஓரிரு மைக்ரோமோலாருக்குக் கீழே வரும் அளவை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா கொடுத்த, குழாய்ச் சுவரின் மென்தசைச் செல் தாராளமாகச் சுரக்கும். ஆனால் அங்கே நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நொதி வேறு, கேள்வியும் வேறு.

ஜூலை 30
தட்டின் வெற்றுக் குழியே இளஞ்சிவப்பு! செல் இல்லை, மருந்து இல்லை. கண்ணாடிப் பாத்திரம் அலசிய போர் தண்ணீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுற்றிலும் யூரியா வயல். மண்ணில் இறங்கும் நைட்ரேட்டைத் தொட்டியில் தேங்கும்போது பாக்டீரியா நைட்ரைட்டாக்கிவிடும். கிரீஸ் பிடிப்பது அதைத்தான். இனி எல்லா அலசலும் காய்ச்சி வடித்த நீரில்.

ஆகஸ்ட் 1
வெற்றுக் குழி வெள்ளை.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. ஊரே ஆற்றங்கரையில். செல் வளரும் திரவமான மீடியத்தை மாற்றியாயிற்று.

ஆகஸ்ட் 4
குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடு: 10 மி.லி.க்கு 2.156 கிராம், 1 மோலார். அமிலம், அப்படியே ஊற்றினால் மீடியம் மஞ்சளாகும், செல் திணறும், நைட்ரைட் குறையும், பழி சர்க்கரை மேல் விழும். சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு பி.ஹெச். 7.4-க்குக் கொண்டுவந்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் தள்ள வேண்டும். அன்றன்றைக்குப் புதிதாக. நடுநிலைக் கரைசல் நிற்காது, பழுப்பேறும்.
பக்கத்துக் குழியில் அதே அளவு மானிட்டால், கரைசலின் அடர்த்தியால் மட்டும் வரும் விளைவைப் பிரித்துப் பார்க்க. அது இல்லாத தட்டை நான் படிக்கவே மாட்டேன்.

ஆகஸ்ட் 6
மாதிரி 50 மைக்ரோலிட்டர், சல்ஃபனிலமைடு 50, இருட்டில் 10 நிமிடம், பிறகு நிறம் தரும் என்.ஈ.டி. 50, மறுபடி 10 நிமிடம். நிறத்தை 540 நானோமீட்டரில் அளக்கவும். குமிழி இருந்தால் ஊசியால் உடைக்கவும். நியமக் கரைசல் அதே மீடியத்தில்தான். வெறும் நீரில் கலக்கினால், மீடியத்தில் உள்ள ஃபீனால் ரெட் என்னும் நிறப்பொருள் கணக்கைக் கெடுக்கும்.
குளுக்கோசமைன் வரிசை வெளுத்திருக்கிறது. மானிட்டால் வெளுக்கவில்லை. எம்.டி.டி. சோதனையில் செல் உயிரோடுதான்.

ஆகஸ்ட் 7
ஏன்? நொதியின் மூலப்பொருளான ஆர்ஜினின் பஞ்சமா? மீடியத்திலேயே 0.4 மில்லிமோலார் கிடக்கிறது, நொதிக்கு அதில் ஒரு துளி போதும். குளுக்கோசை உடைக்கும் வழிகளில் ஒன்றான பென்டோஸ் வழியைக் குளுக்கோசமைன் நெரித்தால், அங்கே உண்டாகும் துணைப்பொருளான என்.ஏ.டி.பி.ஹெச் குறையும், அது இல்லாமல் நொதி ஓடாது. எண்டோதீலிய நொதியில் இன்னொரு சிக்கல்: அதன் 1177-ஆம் அமினோ அமிலமான செரினில், பாஸ்பேட் உட்கார வேண்டிய இடத்தை, குளுக்கோசமைனிலிருந்து வரும் ஓ-கிளக்நாக் என்னும் சர்க்கரை ஒட்டு பிடித்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே தட்டில் பிரிக்க முடியாது.

ஆகஸ்ட் 9
அசாசெரின் வந்தது. அது அடைப்பது, செல்லுக்குள் குளுக்கோசிலிருந்து வரும் ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட் குளுக்கோசமைன்-6-பாஸ்பேட்டாகும் வாசலை. வெளியிலிருந்து ஊற்றிய குளுக்கோசமைன் அந்த வாசலைத் தொடாமலே உள்ளே போகிறது; ஆகவே அங்கே அசாசெரின் நைட்ரைட்டை மீட்கக் கூடாது. 25 மில்லிமோலார் குளுக்கோஸ் குழியில் மட்டும் மீட்க வேண்டும். இரண்டிலும் மீட்டால் காரணம் வேறு.

ஆகஸ்ட் 10
இன்குபேட்டர் 37.0, கார்பன் டை ஆக்சைடு 5. மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. நாளை தட்டு.