எதிர்வீட்டம்மாவின் பரீட்சை அட்டை

ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் எங்கள் ஆஷ்பர்னில் சுரைக்கொடிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நாலு வீட்டுக்குக் கொடுத்தாலும் தீராது. வேலி ஓரமாகப் பறித்துக்கொண்டிருந்தபோதுதான் எதிர்வீட்டம்மா ரோட்டைத் தாண்டி வந்தார். ஒரு கையில் வாழைப்பழ ரொட்டி. இன்னொரு கையில் கிளிப் வைத்த அட்டை, நாம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கொண்டுபோவோமே, அதே மாதிரி.

எட்டு வருஷப் பழக்கம். அவருக்கு ஐந்து பிள்ளைகள், ஒன்றுகூடப் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சமையலறை மேசைதான் வகுப்பறை, அவரேதான் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வேனில் ஏறி சர்ச்சுக்குப் போவார்கள். என் மாமியார் இறந்து நாங்கள் ஊருக்கு ஓடியபோது மூன்று வாரம் எங்கள் தபாலை எடுத்துவைத்து, செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியவர். அதனால் அட்டையை நீட்டினால் உடனே முடியாது என்று சொல்ல வாய் வராது.

"மாநிலங்களின் மாநாடு கேட்டு மனு. கையெழுத்துப் போடுவீங்களா?" என்றார்.

மாநாடு என்றால் எனக்குப் பந்தல், கொடி, பிரியாணிப் பொட்டலம்தான் ஞாபகம் வரும். இது வேறு. இந்த நாட்டு அரசியலமைப்பையே திருத்தக் கூட்டுகிற மாநாடு.

குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்தபோது நூறு கேள்வியில் ஏழாவது கேள்வி, அரசியலமைப்பில் எத்தனை திருத்தங்கள் என்பது. 27 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (நம்மூரில் 2023-லேயே 106 ஆயாச்சு.) எப்படித் திருத்துவது என்பதை நான் அப்போது ஒழுங்காகப் படிக்கவில்லை. அது ஐந்தாம் பிரிவில் இருக்கிறது, மொத்தமே ஒரு வாக்கியம். இரண்டு வழி. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒரு திருத்தத்தை முன்மொழியலாம். இல்லை, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள், அதாவது 34 மாநிலச் சட்டமன்றங்கள், மனுப் போட்டு ஒரு மாநாட்டைக் கூட்டச் சொல்லலாம். எந்த வழியில் வந்தாலும் கடைசியில் 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும். அந்த 27-ம் முதல் வழியில் வந்தவை. இரண்டாவது வழியில் இன்றுவரை ஒரு மாநாடுகூடக் கூடியதில்லை.

அதைத்தான் எதிர்வீட்டம்மாவின் ஆட்கள் திறக்கப் பார்க்கிறார்கள். இயக்கத்தின் பெயர் கன்வென்ஷன் ஆஃப் ஸ்டேட்ஸ். 2013-ல் தொடங்கியவர்கள் இருவர். அரசின் வரிக்கும் செலவுக்கும் எதிராகக் கிளம்பிய டீ பார்ட்டி இயக்கத்துக்காரரான மார்க் மெக்லர் ஒருவர். இன்னொருவர் மைக்கேல் ஃபாரிஸ், எங்கள் கவுண்டிக்காரர், அதாவது எங்கள் மாவட்டத்துக்காரர், என்றே சொல்லலாம். வீட்டிலேயே பாடம் நடத்துவது பல மாநிலங்களில் வழக்கு வரை போன காலத்தில், 1983-ல், அந்தப் பெற்றோருக்காகச் சட்ட அமைப்பு தொடங்கியவர். வீட்டில் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்காகவே 2000-ல் பர்சல்வில்லில் பேட்ரிக் ஹென்றி கல்லூரியைத் திறந்தார். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். ஆப்பிள் பறிக்க அந்தப் பக்கம் போகும்போது பலகையைப் பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டம்மாவின் மூத்தவனுக்கு அங்கே சேர ஆசை. இந்த இயக்கம் ஏன் தேவாலயங்கள் வழியாகவும் வீட்டுப்பள்ளிக் குடும்பங்கள் வழியாகவும் இவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஒருவருக்கொருவர் முட்டை வாங்கிக் கொடுக்கிற, பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிற வலை ஏற்கெனவே இருந்தது. அட்டை அதன் வழியே கைமாறியது, அவ்வளவுதான்.

2014-ல் ஜார்ஜியா முதலில் தீர்மானம் போட்டது. 2022 மார்ச்சில் தென் கரோலினா பத்தொன்பதாவது.

தீர்மானத்தை நின்றபடியே படித்தேன். கடவுள் இல்லை, கருக்கலைப்பு இல்லை, ஜெபம் இல்லை. மூன்றே விஷயம்: மத்திய அரசின் செலவுக்குக் கட்டுப்பாடு, அதன் அதிகாரத்தைக் குறைப்பது, பதவிக்கால வரம்பு. "இதில் மதமே இல்லையே" என்றேன். "அதுதானே விசேஷம்" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "பிள்ளைகளை எப்படி வளர்க்கணும்னு வாஷிங்டன் எனக்குச் சொல்லக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்" என்றார். அந்த நடுப் புள்ளி, அதிகாரத்தைக் குறைப்பது என்கிற புள்ளி, பெரிய கூடாரம். அதற்குள் எதை வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம். 2016-ல் வில்லியம்ஸ்பர்க்கில் இவர்கள் ஒரு ஒத்திகை மாநாடு நடத்தினார்கள். வருமான வரிக்கு இடம் கொடுக்கும் 16-வது திருத்தத்தை நீக்குவது, ஐந்தில் மூன்று பங்கு மாநிலங்கள் சேர்ந்தால் மத்தியச் சட்டத்தையே ரத்து செய்யலாம் என்பது, எல்லாம் அங்கே நிறைவேறின.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டே போனேன். பக்தர்கள் இந்தக் கதவைத் தட்டுவது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது. 1864-லேயே ஒரு சங்கம் முகவுரையில் கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கிளம்பியது, நடக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூட்டாவின் மார்மன்களைக் குறிவைத்து, பலதார மணத்தைத் தடைசெய்ய மாநாடு வேண்டும் என்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் மனுப் போட்டன. 1973-ல் கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ தீர்ப்பு வந்தபின் கருவின் உயிரைக் காக்கத் திருத்தம் கேட்டு 1980-க்குள் 19 மாநிலங்கள் மனுப் போட்டன. அதே 19 என்கிற எண்ணிக்கை! அந்த மனுக்கள் அப்படியே தூசி பிடித்துக் கிடந்தன. 2022-ல் உச்ச நீதிமன்றமே ரோவைத் தூக்கிப்போட்டது. ஐம்பது வருஷம் மனுவால் ஆகாதது நீதிபதி நியமனத்தால் ஆனது. அதற்குப் பிறகும் இந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்றால் இவர்களின் கவலை கருக்கலைப்போடு நிற்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் எதிர்பார்க்காத இடம் ஒன்று உண்டு. இந்த மாநாட்டைக் கண்டு நடுங்கியவர்களில் முன்வரிசையில் நின்றதும் பக்தர்கள்தான். பெண்களுக்குச் சம உரிமைத் திருத்தத்தைத் தனியாளாகவே கவிழ்த்தார் என்று பெயரெடுத்த ஃபிலிஸ் ஷ்லாஃப்ளி, கத்தோலிக்கர், ஆறு பிள்ளைகளின் தாய், சாகும்வரை மாநாட்டை எதிர்த்தார். ஒரு தடவை கூட்டிவிட்டால் யாராலும் அடக்க முடியாது என்பது அவர் கட்சி. வலதுசாரிகள் தலையில் வைத்துக் கொண்டாடும் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியாவும் 2014-ல், எனக்கு மாநாடே வேண்டாம், அதிலிருந்து என்ன வரும் என்று யாருக்குத் தெரியும் என்கிற மாதிரிதான் சொன்னார்.

அவர்கள் பயத்துக்கு ஆதாரம் 1787. பழைய கூட்டமைப்பு ஒப்பந்தத்தைத் திருத்தத்தான் பிலடெல்பியாவில் கூடினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு புதிதாக ஒன்றை எழுதிவிட்டு, பதிமூன்று மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியையும் ஒன்பது போதும் என்று மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் சுரைக்காய் இரண்டை எடுத்துக்கொண்டு போய் இதைச் சொன்னேன். எதிர்வீட்டம்மா அசரவில்லை. "ஃபாரிஸ் அதுக்குப் பதில் எழுதியிருக்கார். மாநிலங்கள் பிரதிநிதிகளுக்குக் கொடுத்த அதிகாரமே பெரிசு, யாரும் மீறலை" என்றார். நானும் பார்த்தேன், அந்த வாதத்தில் கொஞ்சம் சாரம் இருக்கத்தான் செய்கிறது. அவருடைய பத்து வயசுப் பெண் மேசையில் உட்கார்ந்து, 1787 ஜூன் 28-ல் மாநாட்டைத் தினமும் ஜெபத்தோடு தொடங்கலாம் என்று பெஞ்சமின் ஃபிராங்க்லின் பேசியதை எழுத்துக்கூட்டி மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். அந்த யோசனை ஏற்கப்படவே இல்லை, மூன்று நாலு பேரைத் தவிர யாருக்கும் ஜெபம் தேவையென்று தோன்றவில்லை என்று ஃபிராங்க்லினே தன் தாளின் அடியில் குறித்து வைத்திருக்கிறார். குழந்தையிடம் அதைச் சொல்லவில்லை. நன்றாகப் பேசினாள்.

எதிர்வீட்டம்மாவுக்கு நாயகர், அந்த 1787 மாநாட்டில் வர்ஜீனியாவின் பிரதிநிதியாக இருந்த ஜார்ஜ் மேசன். என் பையன் படிப்பதும் அந்தப் பேர்கொண்ட பல்கலைக்கழகத்தில்தான் என்பதில் அவருக்குத் தனிச் சந்தோஷம். செப்டம்பர் 15, மாநாடு முடிய இரண்டே நாள் இருக்கும்போது மேசன் எழுந்து, காங்கிரஸே அத்துமீறினால் திருத்தத்தை அந்தக் காங்கிரஸிடமே போயா கேட்பது என்று கேட்டார். (காங்கிரஸ் என்பது இங்கே நாடாளுமன்றம், நம்மூர்க் கட்சி இல்லை.) அப்படித்தான் இரண்டாவது வழி உள்ளே வந்தது. நியாயமான கேள்வி. ஆனால் மாநாட்டில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை ஓட்டு, யாரை அனுப்புவது, பேசவேண்டியதைத் தாண்டிப் பேசினால் யார் தடுப்பது, இது எதுவும் அந்த ஒரு வாக்கியத்தில் இல்லை. இரண்டு நாள் முன்னே வராமல் இரண்டு மாதம் முன்னே வந்திருந்தால் ஒருவேளை எழுதியிருப்பார்கள். இவ்வளவும் கேட்டுவிட்டு மேசன் கடைசியில் கையெழுத்தும் போடவில்லை.

"அப்போ நானும் மேசன் மாதிரிதான்" என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். சத்தமாகச் சிரித்தார், கோபம் இல்லை.

சுரைக்காயை எப்படிச் சமைப்பது என்று கேட்டார். பருப்பு போட்டுக் கூட்டு வைக்கச் சொல்லிவிட்டு, வாசல்வரை வந்து, ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நாளைக்கே 34 சேர்ந்துடுச்சுன்னு வைங்க. நம்ம வர்ஜீனியா சார்பா யார் போவாங்கன்னு யார் முடிவு பண்ணுவா?"

"ரிச்மண்ட்ல இருக்கிற சட்டமன்றம்தான்."

ரிச்மண்டில் இப்போது இரண்டு அவையுமே டெமாக்ரட்டுகள் கையில். எதிர்வீட்டம்மா சுரைக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"அதுக்குள்ளே தேர்தல் வரும்" என்றார்.